எந்தப் பண்டிகை, யாருக்கு விடுமுறை?

(அருப்புக்கோட்டையில் இளைஞர்களின் படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"உலகப் பண்பாடுகளில் இலையுதிர்கால விழாக்கள்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். முதலில் அந்தத் தலைப்போடு ஒரு சின்ன சண்டை போட்டுக்கொள்கிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் எந்த மரம் இலை உதிர்க்கிறது? வேம்பு மாசி, பங்குனியில் உதிர்க்கும். சீமைக்கருவேலம் எந்தக் காலத்திலும் மொட்டையாக நிற்பதில்லை. பழைய இலக்கணத்தில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். கூதிர் என்றால் மழையோடு சேர்ந்த குளிர். நமக்கு அந்தப் பருவத்தில் விழுவது இலை அல்ல, மழை. அதுவும் விழுந்தால்தான் உண்டு.

இது சொல் விளையாட்டு இல்லை. பண்டிகையின் பொருளாதாரமே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கொரியாவின் சூசோக், சீனாவின் நடு இலையுதிர்கால விழா, யூதர்களின் சுக்கோத், அமெரிக்காவின் நன்றி தெரிவிக்கும் நாள் எல்லாமே அறுவடையை ஒட்டியவை. களஞ்சியம் நிறைந்த பிறகு கொண்டாடுகிறவை. நம் கரிசலில் அந்த மாதங்கள் விதைப்புக் காலம். வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசி, கம்பு, குதிரைவாலி, மக்காச்சோளம், பருத்தி, மல்லி என்று விதைக்கிற நேரம். விதைக்கும், உரத்துக்கும், டிராக்டர் வாடகைக்கும் கையில் இருந்த காசு எல்லாம் மண்ணுக்குள் போயிருக்கும். தை, மாசிக்கு முன்னால் திரும்பி வராது. கூலிக்குப் போகிறவர்களுக்கோ விதைப்பு முடிந்து களையெடுப்பு தொடங்கும் வரை வேலையே இல்லை. சரியாக அந்த நேரத்தில் தீபாவளி வந்து நிற்கிறது.

அதனால்தான் நம் பக்கத்தில் பொங்கல் விளைச்சலில் கொண்டாடுகிற பண்டிகை, தீபாவளி கடனில் கொண்டாடுகிற பண்டிகை. வருஷம் முழுக்க வாரவாரம் கட்டுகிற தீபாவளிச் சீட்டு, பலகாரச் சீட்டு, குழுக் கடன், நகை அடகு, முன்பணம் என்று அந்தக் கடனுக்குப் பல பெயர்கள். விஜயநகர, நாயக்கர் ஆட்சியோடுதான் தீபாவளி தமிழ்நாட்டில் பரவியது என்பது தொ. பரமசிவன் போன்ற ஆய்வாளர்களின் கருத்து. கார்த்திகை விளக்கு அப்படியல்ல, அது சங்கப் பாடல்களிலேயே வருகிறது. ஆக தீபாவளி இரண்டு வகையிலும் கடன் வாங்கிய பண்டிகைதான்.

அப்படியானால் இந்த மண்ணுக்குச் சொந்தமான கார்காலப் பண்டிகை எது? புரட்டாசிப் பொங்கல். நம் ஊர்களில் பல இடங்களில் அம்மன் கோவில்களில் நடக்கும். அதன் உயிர் முளைப்பாரி. பெண்கள் நவதானியத்தைச் சட்டியில் எருவும் மண்ணும் போட்டு விதைத்து, வெயில் படாமல் இருட்டறையில் வைத்து, தண்ணீர் தெளித்து வளர்க்கிறார்கள். ராத்திரியில் கும்மி கொட்டுகிறார்கள். கடைசி நாளில் தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகப் போய்க் கம்மாயில் கரைக்கிறார்கள். பக்தியை ஒரு நிமிடம் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள், இது விதைப்புக்கு முன்னால் நடக்கிற விதைச் சோதனை. எந்த விதை முளைக்கும், எது சொத்தை என்று ஊரே தெரிந்துகொள்கிற ஏற்பாடு. அந்த அறிவு பெண்களின் கையில் இருந்தது.

ஆனால் அதே முளைப்பாரி எந்தத் தெரு வழியாகப் போகும், எந்தக் கம்மாயில் கரையும் என்று கேட்டுப் பாருங்கள். ஊரின் சாதி வரைபடம் அப்படியே வெளியே வரும். பல ஊர்களில் இரண்டு முளைப்பாரி, இரண்டு நாள், இரண்டு பாதை. என் ஆய்வுக்காகப் போன ஊர் ஒன்றில் ஒரு பாட்டி சொன்னார்: "எங்க பாரியும் அதே கம்மாத் தண்ணியிலதான் கரையுது. தண்ணிக்குத் தெரியாத சாதி தெருவுக்கு மட்டும் எப்படிப்பா தெரியுது?" ஆய்வேட்டில் நான் எழுதிய பல பக்கங்களை அந்த ஒரு கேள்வி விழுங்கிவிடும்.

இன்னொரு நுட்பமான வழி உண்டு, தலைக்கட்டு வரி. ஊர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். தலித் குடும்பங்களிடம் மட்டும் வாங்க மாட்டார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு, "பாவம், ஏழைகள், விட்டுவிட்டார்கள்" என்று தோன்றும். உண்மை அதுவல்ல. வரி கொடுத்தவனுக்குத்தான் திருவிழாவில் பங்கு, மண்டகப்படி, மரியாதை. வரியை வாங்க மறுப்பது என்றால் உரிமையை மறுப்பது. கையைப் பிடித்துத் தள்ளாமலே வெளியே நிறுத்துவது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தலித்துகளும் வடம் பிடிப்பார்கள் என்ற நிலை வந்ததும், ஊர்வலம் வந்துகொண்டிருந்த தேர் பல ஆண்டுகள் ஓடாமலே நின்றதை நாம் மறக்கக் கூடாது.

இங்கே வரலாற்றையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கிற கமுதிக் கோவிலுக்குள் 1897-ல் நுழைந்ததற்காக நாடார்கள் மீது வழக்குப் போடப்பட்டது. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்கள் தோற்றார்கள். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோவிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தபோது தலித்துகளும் நாடாரும் ஒன்றாகத்தான் நுழைந்தார்கள். ஒரே வாசலில் ஒன்றாக நின்றவர்கள் நாம். அந்த நினைவு நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் மிச்சம் இருக்கிறது? உள்ளே போனவர் தனக்குப் பின்னால் கதவைச் சாத்துவதுதான் சாதியின் இயல்பு. எந்தச் சாதியும் இதற்கு விலக்கல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் திருத்தம் வந்தது, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது வழிபாட்டு இடத்தில் நுழைவதை, சமய ஊர்வலத்தில் கலந்துகொள்வதை, தாங்களே ஊர்வலம் எடுப்பதைத் தடுத்தால் குற்றம் என்று அது தனியாகச் சொல்கிறது. அதே பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: பொது இடத்தில் செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது குற்றம். நிதானமாக யோசியுங்கள். புதுத்துணி உடுத்தும் உரிமைக்கு ஒரு நாட்டின் நாடாளுமன்றம் 21-ஆம் நூற்றாண்டில் சட்டம் எழுத வேண்டியிருக்கிறது. தீபாவளிக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது சிலருக்குக் கொண்டாட்டம், சிலருக்குப் போராட்டம்.

இப்போது உங்களில் பலர் ஆண்டுதோறும் ஐப்பசியில் நடத்துகிற விவாதத்துக்கு வருகிறேன். தீபாவளி கொண்டாடலாமா, கூடாதா? நரகாசுரன் யார்?

நம் முன்னோடிகள் இதற்கு மூன்று விதமாக முகம் கொடுத்தார்கள். முதலாமவர் அயோத்திதாசர். 1907-ல் அவர் தொடங்கிய இதழில் பண்டிகைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்ததோடு தீபாவளியையும், ஆமணக்கு நெய்யோடு கார்த்திகையையும் சேர்த்து, இரண்டையும் பௌத்தப் பண்டிகைகளாக வாசித்தார். வரலாற்று ஆதாரம் பற்றி ஆய்வாளர்கள் வாதிடட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் பார்வை எங்கே விழுந்தது என்பதுதான். யாரைக் கொன்றதற்கும் அவர் விளக்கேற்றச் சொல்லவில்லை. உழைப்பில் பிறந்த ஒரு கண்டுபிடிப்புக்கு ஏற்றச் சொன்னார். எள்ளும் ஆமணக்கும் விளைகிற கரிசலில் இருந்து பார்த்தால் அது இன்னும் நெருக்கமாகத் தெரிகிறது.

இரண்டாவது, பெரியார் வழி. புராணத்தைக் கேள்வி கேள், அசுரன் என்பவன் யார் என்று கேள், கொண்டாட மறு. 1974 டிசம்பர் 25 அன்று மணியம்மையார் தலைமையில் சென்னைப் பெரியார் திடலில் இராவண லீலா நடந்தது. வடக்கே ஆண்டுதோறும் இராவணன் உருவத்தை எரிக்கிறார்களே, அதற்குத் தெற்கிலிருந்து போன பதில் அது.

மூன்றாவது, அம்பேத்கர் வழி. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பல லட்சம் மக்களோடு அவர் பௌத்தம் தழுவினார். அன்று அசோக விஜயதசமி. அதே நாக்பூரில் 1925-ல் ஆர்.எஸ்.எஸ். தொடங்கப்பட்டதும் ஒரு விஜயதசமி நாளில்தான். நாள் ஒன்று, ஊர் ஒன்று, பொருள் நேர் எதிர். நாளை அவர் எதிராளியிடம் விட்டுக்கொடுக்கவில்லை. போரை விட்டு அறத்தைத் தேர்ந்த ஓர் அரசனின் நினைவாக அதை எடுத்துக்கொண்டார். இன்றும் அந்த நாளில் தீக்ஷா பூமியில் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். போய் வந்தவர்களைக் கேளுங்கள், அங்கே அதிகம் விற்பது புத்தகம். நம் வீடுகளில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தை மூடி வைத்துப் பொட்டு வைக்கிறோம். படிக்கவே விடாமல் வைக்கப்பட்டிருந்த மக்கள் அதே நாட்களில் புத்தகத்தை வாங்கித் திறக்கிறார்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டுமான சண்டையும் இல்லை. ஜார்க்கண்டின் அசுர் பழங்குடியினர் நவராத்திரியில் மகிஷாசுரனைத் தம் முன்னோராக நினைத்துத் துக்கம் காக்கிறார்கள். கேரளத்தில் ஓணம் மாபலிக்கு; 2016-ல் அப்போதைய பா.ஜ.க. தலைவர் அமித் ஷா ஓணத்தின்போது வாமன ஜெயந்தி வாழ்த்துச் சொன்னதற்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் பூலே 1873-ல் எழுதிய 'குலாம்கிரி'யில் பலி ராஜாவை உழவர்களின் நீதியான அரசனாக மீட்டெடுத்தார். கடல் தாண்டினால், அமெரிக்காவில் நன்றி தெரிவிக்கும் நாளை 1970 முதல் பூர்வகுடிகள் பிளிமத்தில் தேசியத் துக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். அக்டோபரில் வருகிற கொலம்பஸ் தினத்தை பெர்க்லி நகரம் 1992-லேயே பூர்வகுடிகள் தினமாக மாற்றியது. ஒருவருடைய அறுவடை விருந்து இன்னொருவருடைய இழவு வீடாக இருக்கிறது. தோற்கடிக்கப்பட்டவர்கள் எங்கே இருந்தாலும் தங்கள் கதையைக் காலண்டருக்குள் திரும்ப எழுதத்தான் பார்க்கிறார்கள்.

ஒரு நாளுக்கு ஒரே பொருள்தான் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். தீபாவளி சமணர்களுக்கு மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள். சீக்கியர்களுக்கு குரு ஹர்கோவிந்த் சிறையிலிருந்து விடுதலையான நாள். 2004-லும் 2005-லும் தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் வந்தன. ஒரே ஜவுளிக்கடையில் இரண்டு வீட்டுக்காரர்களும் துணி எடுத்தார்கள். மதம் மாறினால் சாதி விட்டுவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். எல்லா ஆன்மாக்களுக்குமான நாள். ஆனால் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கர்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றது, அதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. செத்த பிறகும் தனித் தெரு.

இவ்வளவும் சொன்ன பிறகு எனக்குள் இருக்கிற ஒரு நெருடலையும் சொல்ல வேண்டும். நரகாசுரன் விவாதத்தை நாம் நடத்துகிற இடம் பெரும்பாலும் கைப்பேசி. நடத்துகிற நேரம் விடுமுறை நாள். அந்த விடுமுறை இல்லாதவர்களைப் பற்றி அந்த விவாதத்தில் எவ்வளவு பேசியிருக்கிறோம்?

நம் மாவட்டத்தையே பாருங்கள். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் தயாராகிறது. டெல்லியிலும் மும்பையிலும் இரண்டு மணி நேரத்தில் எரிந்து முடிகிற வெளிச்சத்துக்காக இங்கே வருஷம் முழுக்கக் குழாய் உருட்டுகிறார்கள், திரி செய்கிறார்கள், சரம் பின்னுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள், அதிலும் நிலமில்லாத வீட்டுப் பெண்கள் நிறையப் பேர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் சுமார் இருபது பேர். இடையில் நடந்த சின்னச் சின்ன விபத்துகளைச் செய்தித்தாள் இரண்டு வரியில் முடித்துவிடும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை போட்டு, தீபாவளியன்று இரவு 8 முதல் 10 வரைதான் வெடிக்கலாம் என்றது. காற்றைக் காப்பாற்ற அந்தக் கட்டுப்பாடு வேண்டும்தான். ஆனால் வேலை இழந்தவர்களுக்கு மாற்று வேலை என்ன என்ற கேள்வி அதே வேகத்தில் எழவில்லை. "பட்டாசு வெடிக்காதே" என்று சொல்வது எளிது. "வானம் பார்த்த பூமியில் பட்டாசு ஆலையை விட்டால் வேறு வேலை ஏன் இல்லை" என்று கேட்பதுதான் கடினம்.

ஆயுத பூஜைக்கு வருவோம். தறிக்கும், மில் எந்திரத்துக்கும், லாரிக்கும் சந்தனம் பூசுகிறோம். பொரி, பொட்டுக்கடலை கொடுக்கிறோம். நடுரோட்டில் பூசணிக்காய் உடைக்கிறோம். கருவிக்கு அன்று ஓய்வு, மரியாதை. அந்தக் கருவியை ஓட்டுகிற கைக்கு? மறுநாள் விடியற்காலையில் உடைந்த பூசணியையும், வாழைக்கன்றையும், தீபாவளி என்றால் வெடித்த காகிதத்தையும் அள்ளுகிறவர் யார்? ஊர் கொண்டாடுகிற ஒவ்வொரு நாளும் அவருக்கு இரட்டை வேலை நாள். துடைப்பத்துக்கு யாராவது பொட்டு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

இங்கேதான் சட்டத்தைக் கையில் எடுக்கச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958-லிருந்து இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு இன்னும் ஐந்து பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளமும் மாற்று விடுமுறையும். அந்த ஐந்து பண்டிகைகள் எவை என்பதை முதலாளி மட்டும் முடிவு செய்யக் கூடாது. தொழிலாளர்களையும் கலந்து பேச வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் அம்மாவோ அண்ணனோ வேலை பார்க்கிற மில்லில் யாராவது, எப்போதாவது அப்படிக் கேட்டிருக்கிறார்களா?

போனஸும் அப்படித்தான். அதை முதலாளி தீபாவளிக்குக் கொடுக்கிற இனாம் மாதிரி நினைக்கப் பழக்கியிருக்கிறார்கள். 1965-ல் வந்த போனஸ் சட்டம் அதை உரிமையாக்கியது. குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் என்று பின்னால் நிலைத்தது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி, வீட்டு வேலை செய்யும் பெண், காட்டு வேலைக் கூலி இவர்களுக்கு அது எட்டுவதில்லை. அவர்களுக்குக் கிடைப்பது ஒரு சேலை, ஒரு ஸ்வீட் பாக்ஸ். கொடுக்கிறவர் கை மேலே, வாங்குகிறவர் கை கீழே. சுயமரியாதை இயக்கத்தின் பெயரைச் சொல்கிறவர்கள் முதலில் மாற்ற வேண்டியது அந்தக் கைகளின் உயரத்தைத்தான்.

கைகள் என்றதும் வீட்டுக்குள் இருக்கிற கைகளையும் பார்க்க வேண்டும். நாடு முழுக்க விடுமுறை விட்டாலும் அடுப்புக்கு விடுமுறை இல்லை. முறுக்கு, அதிரசம், கறிக்குழம்பு என்று மூன்று நாள் வேலை முழுக்கப் பெண்கள் தலையில். கொரியாவில் சூசோக் முடிந்ததும் பெண்களுக்கு வருகிற உடல் வலிக்கும் மன அழுத்தத்துக்கும் 'பண்டிகை நோய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நம் வீடுகளில் பெயர்கூட வைக்கவில்லை. பகுத்தறிவு பேசுகிற வீடுகளிலும் தீபாவளி மறுப்புக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தேநீர் போட்டவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக, நம் பகுதியின் இந்தப் பருவத்தைப் பற்றிப் பேசினால் இரண்டு தேதிகளைத் தவிர்க்க முடியாது. செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். 1957-ல் முதுகுளத்தூர் அமைதிக் கூட்டத்துக்கு மறுநாள் பரமக்குடியில் அவர் கொல்லப்பட்டார். அக்டோபர் 30, பசும்பொன் குருபூஜை. இந்த இரண்டுக்கும் நடுவில் நம் சாலைகளில் தடுப்புகள், சோதனைச் சாவடிகள், பேருந்து மாற்றுப் பாதைகள். ராமநாதபுரம் மாவட்டத்தில் தடை உத்தரவு என்பது பருவமழை போல ஆண்டுதோறும் வருகிறது. 2011-ல் இதே செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் அஞ்சலி செலுத்த வந்த தலித்துகள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

"இரண்டு பக்கமும் சாதிதானே" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். சமமாக உட்காரக் கேட்டதற்காகக் கொல்லப்பட்ட ஒருவரை நினைப்பது வேறு, யார் பெரியவர் என்று காட்டுவதற்காக வண்டி கட்டிக்கொண்டு போவது வேறு. எந்த நினைவு நாளுக்கும் என்னிடம் ஒரே அளவுகோல்தான்: அந்த நாளில் பக்கத்துத் தெருக்காரர் பயப்படாமல் கதவைத் திறந்து வைக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அது திருவிழா இல்லை, மிரட்டல். நம் கூட்டங்களையும் இதே அளவுகோலால் அளந்துகொள்ள வேண்டும். உட்சாதிப் பெருமைக்கு நீலச் சாயம் பூசினால் அது அம்பேத்கர் வழி ஆகிவிடாது.

சரி, என்ன செய்யலாம்? நான் தலைவர் இல்லை, ஆய்வு மாணவர்தான். இங்கே இருக்கிற இருபது, முப்பது பேர் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறேன். உங்கள் ஊரில் தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்குவதில்லை, முளைப்பாரி எந்தப் பாதையில் போகிறது என்று எழுதி வையுங்கள். எழுதாத பாகுபாடு நீதிமன்றத்தில் வெறும் வாய்ப்பேச்சாகிவிடும். உங்கள் வீட்டார் வேலை பார்க்கிற இடத்தில் ஒன்பது நாள் விடுமுறை கிடைக்கிறதா, போனஸ் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். அக்டோபர் 14 அன்று ஊரில் ஒரு வாசிப்புக் கூட்டம் போடுங்கள். அன்று தேநீரை ஆண்கள் போடுங்கள்.

தீபாவளி கொண்டாடுவதா வேண்டாமா என்பதை அவரவர் அறிவு முடிவு செய்யட்டும். நான் கொண்டாடுவதில்லை. ஆனால் வருஷம் முழுக்க ரோட்டைக் கூட்டிவிட்டு, சீட்டுக் கட்டி, தன் பிள்ளைக்கு ஒரு புதுத்துணி எடுத்துக் கொடுக்கிற தாயிடம் போய் நரகாசுரன் கதை சொல்ல எனக்கு வாய் வராது. அவரிடம் கேட்க எனக்கு ஒரே கேள்விதான் இருக்கிறது: "அக்கா, நாளைக்கு உங்களுக்கு லீவு உண்டா?" அந்தக் கேள்விக்கு "உண்டு" என்ற பதில் வருகிற வரைக்கும் நமக்கு இங்கே வேலை இருக்கிறது.